சுண்டு விரலால் திரும்பும் படகு

“மச்சானுக்கு வயசாயிடுச்சுப்பா. கையில பழைய பதம் இல்ல. இல்லேன்னா நாலு தடவை கழட்டிப் பூட்டின ஸ்டியரிங் இப்படியா இறுகிக் கிடக்கும்?”

காலை எட்டு மணிப் படகுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் துறையில் நிற்கும்போது, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி படகுக்காரர் இதைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. முப்பதடி தள்ளி, பட்டறையில் ஓர் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த மெக்கானிக் ஸ்பேனர் காதிலும் அது விழுந்தது. அவர் சிரிக்கவில்லை.

ஸ்பேனர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் செருகிக்கொண்டு கல்யாண வீட்டுக்கும் போகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது? வேலையில் கெட்டிக்காரர். ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். சாமியே நேரில் வந்து அவர் வேலையில் குறை சொன்னாலும், “நீங்க கழட்டிப் பார்த்தீங்களா?” என்று கேட்கக்கூடியவர். அவரிடம் குறை சொன்னவர்கள் மறுபடி அந்தப் பட்டறை வாசலை மிதித்ததில்லை.

படகுக்காரர் மட்டும் விதிவிலக்கு. அவர் ஸ்பேனரின் ஒரே தங்கையைக் கட்டியவர். கட்டுவதற்கு முன்பே இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நாளில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவர்கள். ஆகவே கிண்டல் செய்ய அவருக்கு ஆயுள் முழுக்க உரிமை இருந்தது. ஆனாலும் துறையில் வைத்து, தபால்காரர் முன்னாலும் நர்ஸம்மா முன்னாலும் தன் வேலையை வம்புக்கு இழுத்தது ஸ்பேனருக்குப் பொறுக்கவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் எழுந்தார்.

பட்டறையில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் படகின் ஸ்டியரிங்கைச் சரி செய்தாலும், கடைசியில் வீலின் மேல் தன் வலது கைச் சுண்டு விரலை மட்டும் வைப்பார். அந்த ஒற்றை விரலால் வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பிக் காட்டுவார். திரும்பினால்தான் படகு வெளியே போகும். திரும்பாவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். சொந்தக்காரன் காலில் விழுந்தாலும் விடமாட்டார். “சுண்டு விரல் பார்த்தாச்சா?” என்று கேட்பது ஆற்றின் இரண்டு கரையிலும் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

மாப்பிள்ளையின் படகும் எட்டு மாதத்தில் நாலு தடவை சுண்டு விரல் பார்த்துப் போன படகுதான்.

பெரிய படகு ஒன்றும் இல்லை. பன்னிரண்டு பேர் உட்காரலாம். முன்னால் வீல், பின்னால் தொங்குகிற எஞ்சின். வீலிலிருந்து ஒரு கேபிள் படகின் ஓரமாகப் பின்னால் ஓடி, எஞ்சினின் முன்பக்கத்துக் குழாய்க்குள் நுழைந்து, மறுபக்கம் ஒரு கம்பியாக வெளியே வரும். அந்தக் கம்பிதான் எஞ்சினைத் தள்ளும், இழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட். ஸ்டியரிங் இறுகினால் முதலில் அந்தப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். பிறகு வீலைத் தனியாகத் திருப்ப வேண்டும், எஞ்சினைத் தனியாகக் கையால் தள்ள வேண்டும். எது மக்கர் செய்கிறதோ அதில்தான் கோளாறு. இது அரிச்சுவடி.

முதல் தடவை மாப்பிள்ளை வந்து, “இறுகுது மச்சான்” என்றபோது ஸ்பேனர் அரிச்சுவடியிலிருந்துதான் தொடங்கினார். எஞ்சின் தள்ளியதும் ஒழுங்காகத் திரும்பியது. வீல்தான் முரண்டு பிடித்தது. மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டிக் கம்பியை வெளியே எடுத்தால், குழாய் முழுக்கப் பழைய கிரீஸ். கழிமுகத்து உப்புக் காற்றில் காய்ந்து, மெழுகாகக் கெட்டிப்பட்டு அடைத்துக் கிடந்தது.

“யாருடா இவன், உள்ள இருக்கிறதை வெளிய எடுக்காம மேல மேல பூசினவன்?” என்று கத்தினார். பூசினவர் மாப்பிள்ளைதான் என்று தெரிந்தேதான் கத்தினார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை ஆகாயத்தைப் பார்த்தார்.

குழாயை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, குச்சியில் துணி சுற்றித் துடைத்து, கம்பியிலிருந்த துருவைத் தேய்த்து, புதுக் கிரீஸ் பூசி மாட்டினார். சுண்டு விரலில் திரும்பியது. மாப்பிள்ளை கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். “பழையபடி ஆயிடுச்சு.”

ஸ்பேனர் வீலைப் பிடித்துப் பார்த்தார். “லேசாத்தானே இருக்கு?”

“உன் இரும்புக் கைக்கு எதுதான் லேசா இல்ல? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து ஓட்டிப் பாரு, அப்ப தெரியும்.”

நியாயம்தானே என்று தோன்றியது. குழாயை மறுபடி சுத்தம் செய்தார். ஆனால் இந்தத் தடவை போல்ட்டைக் கழற்றி, வீல் தனி எஞ்சின் தனி என்று பிரித்துச் சோதிக்கவில்லை. கோளாறு எங்கே என்று போன தடவையே கண்டுபிடித்தாயிற்றே, மறுபடி எதற்கு? நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவனுக்கு எதுவும் தெரியாததால் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பான். முப்பது வருஷம் இதையே செய்தவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது.

மூன்றாம் தடவை கேபிளையே மாற்றினார். எங்கும் சுருக்கென்று மடங்காமல், அகல வளைத்துக் கொண்டுபோனார். நாலாம் தடவை வீலையே மாற்றிப் பெரிய வீலாகப் போட்டு, அதன் விளிம்பில் ஓர் உருண்டைக் குமிழும் பொருத்தினார். விரலை மடக்கிப் பிடிக்கவே வேண்டாம், உள்ளங்கையை வைத்து அழுத்தினால் போதும், படகு சொன்ன பேச்சைக் கேட்கும்.

“நீ மச்சான் இல்லடா, தெய்வம்!” என்றார் மாப்பிள்ளை. அந்தக் குமிழ் அவருக்கு அப்படிப் பிடித்துப்போனது.

அந்தத் தெய்வத்துக்குத்தான் இன்றைக்குக் கையில் பதம் போய்விட்டதாம்.

ஸ்பேனர் துறையில் இறங்கி, யாரையும் பார்க்காமல், நேராகப் படகின் பின்பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை உருவி அந்த ஒற்றைப் போல்ட்டைக் கழற்றினார். கம்பி தனியாக நின்றது.

“எல்லாரும் பார்த்துக்கங்க. அப்புறம் நான் ஏமாத்தினேன்னு சொல்லக் கூடாது” என்றார். ஒரு கையால் எஞ்சினைத் தள்ளினார். எண்ணெய் போட்ட கதவு போல அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. பிறகு முன்னால் வந்தார். வீலின் மேல் சுண்டு விரலை வைத்தார். கோடிக்குக் கோடி திருப்பினார். சத்தம்கூட இல்லை.

“பார்த்தாச்சா? எங்க இறுகுது? காட்டச் சொல்லுங்க உங்க படகுக்காரரை!”

தபால்காரர் கை தட்டினார். “இன்னிக்கு மாட்டிக்கிட்டாருய்யா மாப்பிள்ளை!”

“வா மாப்ள. வந்து திருப்பு. ஒண்ணுமே மாட்டாத வீலு இது. இதுவும் இறுகுதுன்னா நான் பட்டறையை இழுத்துப் பூட்டிட்டு உன் துணியைத் துவைக்க வர்றேன்.”

மாப்பிள்ளை உட்கார்ந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. வலது கையை எடுத்து, ஆம், எடுத்து என்றுதான் சொல்ல வேண்டும், இடது கையால் தூக்கி எடுத்துக் குமிழின் மேல் வைத்தார். உள்ளங்கையை அழுத்தினார். கை குமிழிலிருந்து வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். முழங்கையால் முட்டுக்கொடுத்தார், தோளைச் சாய்த்தார், உடம்பே வலது பக்கம் சரிந்தது. வீல் கொஞ்சம் நகர்ந்தது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

கூட்டம் சிரித்தது. “நடிக்கிறாரு பாரு! எப்பா, என்ன நடிப்பு!”

ஸ்பேனர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. விரல்கள் பாதி மடங்கி, அப்படியே நின்றன. மணிக்கட்டுக்கு மேலே தோலுக்கு அடியில் ஏதோ தானாகத் துடித்துத் துடித்து அடங்கியது. முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்த கை. தன் தங்கைக்குத் தாலி கட்டிய கை. அதை எப்போது கடைசியாகப் பார்த்தோம் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. வீலைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட அந்தக் கையைப் பார்க்கவில்லை.

இந்தக் கையை நம்பி இத்தனை பேர் தினமும் ஆற்றைக் கடந்திருக்கிறார்கள்.

“அப்ப கோளாறு எங்கதான்யா இருக்கு?” என்றார் நர்ஸம்மா. “எங்களுக்கு நேரமாகுது.”

மாப்பிள்ளை நிமிர்ந்து ஸ்பேனரைப் பார்த்தார். சிரிப்பு அப்போதும் இருந்தது. கண் மட்டும் வேறு எதையோ கேட்டது.

ஸ்பேனர் தன் ஆயுளில் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“எனக்குப் பிடிபடலம்மா. ஸ்டியரிங்தான் இறுகிக் கிடக்கு. நான் பார்த்தது சரியா பார்க்கல. படகு இன்னிக்கு ஓடாது. எல்லாரும் மேல்துறைப் படகுல போயிடுங்க.”

கூட்டம் ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. “ஸ்பேனருக்கே பிடிபடலையாம்!” என்று தபால்காரர் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனது கேட்டது. ஸ்பேனர் குனிந்து போல்ட்டை மாட்டத் தொடங்கினார். மரையில் நட்டு ஏறவே இல்லை.

மத்தியானம் தங்கையின் வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை உள் அறையில் படுத்திருந்தார். தங்கை சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, “மாப்ள கையை நீ பார்த்தியா?” என்று கேட்டார்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. “என்ன கை?”

“சாப்பிடுறப்ப, சட்டை போடுறப்ப…”

“சட்டை நான்தான் போட்டுவிடுறேன். பொத்தான் ஓட்டை சின்னதா இருக்குன்னாரு. பெரிசு பண்ணித் தைச்சேன், அப்பவும் இறுக்கமா இருக்குன்னாரு.” பாத்திரம் கையிலேயே நின்றது. “வாசல் பூட்டு இறுகிப் போச்சுன்னாரு, எண்ணெய் விட்டேன். டப்பா மூடி இறுகிப் போச்சுன்னாரு, டப்பாவை மாத்தினேன். இந்தத் தண்ணிக் குழாய் இறுகிப் போச்சுன்னுதானே போன மாசம் உன்னைக் கூப்பிட்டு மாத்தினோம்? நீதானே அண்ணே மாத்தின? நல்லா இருந்த குழாயை எதுக்கு மாத்தணும்னு நீகூட அவரைத் திட்டினியே?”

ஸ்பேனர் குழாயைப் பார்த்தார். நீளமான கைப்பிடி போட்ட குழாய். புறங்கையால் தட்டினாலே திறந்துகொள்ளும். தானே தேடிப் பிடித்து வாங்கி வந்தது.

“அண்ணே,” என்றாள் தங்கை. “வீட்டுல எல்லாமே ஒரே சமயத்துல இறுகுமா?”

அவள் ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு ஆஸ்பத்திரி இன்னொரு ஆஸ்பத்திரியைக் கை காட்டியது. அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுக்காரி, மாப்பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள், முட்டியில் தட்டினாள், நாக்கை நீட்டச் சொல்லி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“ஸ்டியரிங் இறுகினதுலேர்ந்து” என்றார் மாப்பிள்ளை.

ஊசி குத்தி ஏதேதோ பரிசோதனை எல்லாம் முடிந்து, நாலாம் நாள் அவள் ஸ்பேனரையும் தங்கையையும் உட்கார வைத்துச் சொன்னாள். சதைக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. இப்போது கை. பிறகு கால். பிறகு பேச்சு, விழுங்குவது. கடைசியில் மூச்சு.

“மூளை நல்லா இருக்கு. கையும் நல்ல கைதான். நடுவுல போற கேபிள் போயிடுச்சு. அப்படித்தானேம்மா?” என்று ஸ்பேனர் கேட்டார்.

“அப்படித்தான் வச்சுக்கங்க.”

“கேபிள் மாத்த முடியாதா?”

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். முடியாது.

“எட்டு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?”

“இதை நிறுத்த மருந்து இல்லைங்க. கொஞ்சம் மெதுவாக்கத்தான் இருக்கு. முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா கொஞ்ச நாள் கூடக் கிடைச்சிருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று கேட்க ஸ்பேனருக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கழற்றிப் போட்டிருந்த பழைய சின்ன வீலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பட்டறைக்காரன் வேலை தெரியாதவனாக இருந்திருந்தால், அரைகுறையாகப் பூட்டியிருந்தால், இரண்டாம் மாதமே படகு எங்கேயாவது முட்டி நின்றிருக்கும். அன்றைக்கே கையைப் பார்த்திருப்பார்கள். புதுக் கேபிள், பெரிய வீல், குமிழ் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, தன் கெட்டிக்காரத்தனத்தாலேயே அந்த நோயைப் பொத்திப் பொத்தி வைத்தவர் அவர்தான். உள்ளே இருப்பதை வெளியே எடுக்காமல் மேலே மேலே பூசினவன் யாருடா என்று கத்தியது அவர் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

மாப்பிள்ளையை உட்கார வைத்து யாரும் இதைச் சொல்லவில்லை. படகு ஓட்டக் கூடாது என்று மட்டும் டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அவர் சரி என்று தலையாட்டினார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் தங்கை படகை எடுத்தாள். இருபது வருஷம் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், ஆற்றின் மேடு பள்ளம் அவளுக்கு மனப்பாடம். துறை அலுவலகத்தில் ஓட்டிக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கினாள். மாப்பிள்ளைக்கு இறங்குதுறை ஓரத்தில், பட்டறைக் கூரையின் நிழலில் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் அக்கரை வரைக்கும் தெரியும்.

“ஏன் நீங்க ஓட்டறதில்ல?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “ஸ்டியரிங் இறுகிப் போச்சுப்பா. மச்சானுக்குச் சரி பண்ணத் தெரியல.”

“உங்களுக்கு இறுகின ஸ்டியரிங் வீட்டம்மாவுக்கு மட்டும் எப்படித் திரும்புது?”

“அவ திருப்பாதது எது? என்னையே ஒரு முறைப்புல திருப்பிடுவா. வீல் எம்மாத்திரம்!”

சிரிப்பார்கள். ஸ்பேனரும் பட்டறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். “ஆமாய்யா, எனக்குப் பிடிபடாத கோளாறு அது” என்று அங்கிருந்தே சத்தமாகச் சொல்வார். சொல்லச் சொல்ல அது ஊர் முழுக்கப் பரவியது. ஸ்பேனரின் கை போய்விட்டது, சொந்தத் தங்கை படகையே சரி செய்ய முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள். வாடிக்கையாக வந்த இரண்டு படகுகள் மேல்துறைப் பட்டறைக்குப் போயின. பழைய ஸ்பேனராக இருந்தால் அந்தப் பட்டறை வாசலுக்கே போய் ஒரு கை பார்த்திருப்பார். இப்போது குனிந்து தன் வேலையைப் பார்த்தார்.

தங்கையும் அந்தப் பொய்யில் சேர்ந்துகொண்டாள். கரையில் இறங்கும்போதெல்லாம் தோளைத் தேய்த்துக்கொண்டு, “அப்பப்பா, கையே போச்சுங்க!” என்பாள். நாற்காலியில் இருப்பவர் முகம் அதைக் கேட்டுக் கொஞ்சம் தெளியும். வாரம் ஒரு நாள் ஸ்பேனர் படகின் பின்பக்கம் உட்கார்ந்து கம்பியைத் துடைத்து, பழைய கிரீஸை வழித்து எடுத்துப் புதிதாகப் பூசுவார். அது எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் செய்து முடித்ததும் சுண்டு விரலை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். மாப்பிள்ளையின் கண் முன்னால் அந்த விரலை வீலில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

மழைக்காலம் வந்து போனது. நாற்காலிக்குச் சக்கரம் வந்தது. மாப்பிள்ளையின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. பேச்சு குழறியது, பக்கத்தில் குனிந்து கேட்டால்தான் புரியும். துறைக்காரர்களுக்கு இப்போது எல்லாம் தெரியும். தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “என்ன, ஸ்டியரிங் சரியாச்சா?” என்று தபால்காரர் மட்டும் தினமும் தவறாமல் கேட்டுவிட்டுப் போவார். போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

ஒரு நாள் சாயங்காலம் தங்கை கடைசிப் படகை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போயிருந்தாள். ஸ்பேனர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, டம்ளரிலிருந்து கரண்டியால் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு நிமிஷம் ஆனது.

“மச்சான்.”

“சொல்லு மாப்ள.”

“அன்னிக்கு… போல்ட்டைக் கழட்டித்தானே வச்சிருந்த?”

ஸ்பேனர் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“ஒண்ணும் மாட்டாத வீலு” என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. “முப்பது வருஷம் படகு ஓட்டினவன் நான். எனக்குத் தெரியாதா?”

“மாப்ள, நான்…”

“இரு. முன்னாடியே தெரியும். கேபிள் மாத்தினியே, அப்பவே தெரியும். அவ்வளவு லேசா இருந்துச்சு. என் விரல்தான் மடங்கல.”

“தெரிஞ்சுமாடா என்கிட்ட வந்து வந்து நின்ன? படகுல ஆளுங்களை ஏத்திக்கிட்டு! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா, பாவி!” ஸ்பேனருக்குப் பழைய கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்தோடு கண்ணீரும் வந்தது. “நான் அன்னிக்கே உன்னைத் தூக்கிட்டுப் போயிருப்பேனே! கொஞ்ச நாளாவது கூட இருந்திருப்பியே! உன்னை நானே கெடுத்துட்டேன்னு தினம் தினம் செத்துட்டிருக்கேனே!”

மாப்பிள்ளை அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். காத்திருப்பது ஒன்றுதான் இப்போது அவரால் சுலபமாக முடிந்தது.

“ஆளுங்களை ஏத்தினது தப்புதான். அதுக்கு எனக்கு மன்னிப்பு இல்ல. இடது கையை வச்சுச் சமாளிச்சேன்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “ஆனா மச்சான், நீ கழட்டிக் கழட்டிப் பூட்டிட்டு இருந்த வரைக்கும்… கோளாறு படகுலதானே இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் இல்லாமத்தானே இருந்துச்சு. எட்டு மாசம் எனக்கு வியாதியே இல்ல. அதை நீதான் குடுத்த.”

ஸ்பேனர், மாப்பிள்ளையின் மடியில் கிடந்த அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கிரீஸ் படிந்த கை ஒன்று, சதை வற்றிய கை ஒன்று. விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், மடக்கி நீட்டினார். டாக்டரம்மா தினமும் செய்யச் சொல்லியிருந்தாள், இல்லாவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

அக்கரையிலிருந்து படகு திரும்பியது. நல்ல இழுப்பு இருந்த தண்ணீரில், தங்கை ஒரே வளைவாகத் திருப்பி, இடிக்காமல், சத்தமில்லாமல் துறையில் அணைத்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் முகத்தில் ஒரு படகுக்காரனின் சந்தோஷம் வந்தது. அவள் கயிற்றைக் கட்டிவிட்டு, நாற்காலியைப் பார்த்ததும் வழக்கம்போலத் தோளைத் தேய்க்கத் தொடங்கினாள்.

“அப்பப்பா, கையே போச்சுங்க.”

மாப்பிள்ளை ஸ்பேனரைப் பார்த்தார். அவளிடம் சொல்லாதே என்பதுபோல் கண்ணை மெல்ல மூடித் திறந்தார். பிறகு, அவளுக்கும் கேட்கிற மாதிரி, இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டிக் கேட்டார்.

“என்ன மச்சான்… இன்னும் இறுகித்தான் கிடக்கா?”

“ஆமா மாப்ள” என்றார் ஸ்பேனர், அந்த விரல்களை விடாமல். “எனக்குப் பிடிபட மாட்டேங்குது. நாளைக்கு மறுபடி கழட்டிப் பார்க்கிறேன்.”